கட்டிவைத்த பொத்தான்

2017ஆம் ஆண்டு. வெள்ளவத்தையில் எமது ஒழுங்கையின் முனையில் மாடிக் கட்டடம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. ஒருநாள் மாலை என் வீட்டு வாயிலில் உயரமான மனிதர் ஒருவர் வந்து நின்றார். அவர் நின்ற விதமே அவர் யாராக இருந்தவர் என்பதைச் சொல்லிவிட்டது. சோதனைச்சாவடிகளில் பல்லாண்டுகள் அடையாள அட்டையை நீட்டிப் பழகிய எனக்கு, அந்த நிமிர்வைக் கண்டதும் கை தானாகவே சட்டைப்பைக்குச் சென்றது.

ஆனால் அவர் தேடி வந்தது என் தமிழை.

"மாத்தயா பத்திரிகைக்காரர் என்று கடைக்காரர் சொன்னார். இதில் என்ன பிழை?" என்று சிங்களத்தில் வினவியபடி, கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கட்டடத் தளத்தில் மாட்டப்பட்டிருந்த அறிவித்தல் பலகை அது. 'தலைக்கவசம் அணியவும்' என்றிருக்கவேண்டிய இடத்தில் 'தலைக்கவலை அணியவும்' என்றிருந்தது. தமிழ்த் தொழிலாளர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். காரணம் கேட்டால் சொல்ல மறுக்கிறார்களாம். "அதை நாங்கள் நெடுங்காலமாகவே அணிந்து வருகிறோம்" என்று கூறி விளக்கினேன். அவரும் சிரித்துவிட்டார்.

அன்று தொடங்கியது எமது பழக்கம். இராணுவத்தின் பொறியியற் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் சேவையாற்றியவர் அவர். பெரும்பகுதி வடக்கில், கண்ணிவெடிகளோடு. ஓய்வுபெற்ற பின்னர் தொழிற் பாதுகாப்புப் பயிற்சி பெற்று, வளைகுடா நாடொன்றில் சில காலம் பணிபுரிந்து, கொழும்பு திரும்பிப் பாதுகாப்பு உத்தியோகத்தராகியிருந்தார்.

படையில் இருந்தவருக்கு இத்தொழில் இலகுவாக வந்திருக்கும் என்றே நான் எண்ணினேன். அவர் தலையசைத்து மறுத்தார். "பாதி உதவியது. மீதியை மறக்கவேண்டியிருந்தது" என்றார்.

உதவியவை ஒழுங்கும், இடத்தை அடி அடியாகப் பார்க்கும் கண்ணும். மறக்கவேண்டியிருந்தவற்றுள் முதலாவது தலைக்கவசம். சிப்பாய்க்கு அதுவே முதற்காவல். ஆனால் தொழிற் பாதுகாப்புப் பாடத்தில் அது ஐந்தாவது படி, கடைசிப் படி. முதலில் ஆபத்தையே அகற்று. இயலாவிடின் ஆபத்துக் குறைந்த ஒன்றைக் கொண்டு வா. அதுவும் இயலாவிடின் வேலியோ மூடியோ போட்டு மனிதனை அதிலிருந்து பிரி. அடுத்தது வேலைமுறையை மாற்றுவதும் பயிற்சி கொடுப்பதும். இவையனைத்துக்கும் பிறகே கவசமும் காலணியும். "நான் வந்த முதல் மாதம் தலைக்கவசத்துக்காகவே சத்தமிட்டுக்கொண்டிருந்தேன். என்னைக் கண்டால் போடுவார்கள், நான் திரும்பினால் கழற்றுவார்கள்."

இரண்டாவது அந்தக் குரல். அதைப்பற்றிச் சொல்லும்போது அவர் முகம் மாறியது. கண்ணிவெடி அகற்றும் இடமொன்றில் எல்லைக்கோல் ஒன்று இடம் மாறியிருப்பதை இளஞ்சிப்பாய் ஒருவன் கண்டிருக்கிறான். இவர் ஏசுவார் என்றஞ்சி வாய் திறக்கவில்லை. அரை மணி நேரத்தில் அவனே ஒரு காலை இழந்தான். "வெடி அவனுடைய காலை எடுத்தது. அவனுடைய வாயை அடைத்தது நான்" என்றார்.

பயிற்சியில் படித்த பைபர் அல்பா விபத்தைப்பற்றியும் அவரே கூறினார். 1988 ஜூலை 6ஆம் திகதி இரவு வட கடலில் எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் மாண்டனர். பழுதுபார்ப்புக்காகப் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த ஒரு பம்பியை, அது தெரியாத இரவு முறைக்காரர் இயக்கியதே தொடக்கம். அது எரிவதை அறிந்தபின்னரும், குழாய்களால் அதனோடு இணைந்திருந்த அயல் மேடைகள் உடனே பாய்ச்சலை நிறுத்தவில்லை. நிறுத்தும் அதிகாரம் தமக்கில்லை என்று பொறுப்பாளர்கள் எண்ணியதும் அதற்கொரு காரணம். "கட்டளைக்குக் காத்திருப்பது எனக்குத் தெரிந்த விடயம், மாத்தயா. ஆகவே அந்தப் பாடம் மட்டும் எனக்கு நித்திரையைக் கெடுத்தது."

அவ்விரவு என் நித்திரையும் கெட்டது. காரணம் வேறு.

1980ஆம் ஆண்டில் நான் பணியாற்றிய பத்திரிகையின் அச்சகத்தில் கடதாசி வெட்டும் இயந்திரம் ஒன்று இருந்தது. இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே வேளையில் அழுத்தினால் மாத்திரமே கத்தி இறங்கும். கைகள் கத்திக்கடியில் இராதிருக்கவே அந்த ஏற்பாடு. வேலை விரைவாக நடக்கவேண்டுமென்று யாரோ ஒரு பொத்தானை அழுத்தியவாறே நாடாவினால் கட்டிவிட்டார்கள். தேநீருக்குச் செல்லும் வழியில் பல வாரங்கள் நான் அதைப் பார்த்திருக்கிறேன். அது எதற்கான பொத்தான் என்பதும் எனக்குத் தெரியும். ஒருநாள் பிற்பகல், வெட்டுபவரின் இடக்கை விரல்கள் மூன்று போயின. ஆபத்தான இயந்திரங்களுக்குக் காப்பு வேண்டுமெனக் கூறும் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் உண்டு. ஊரெல்லாம் நடக்கும் விபத்துகளை அச்சிட்ட எமது பத்திரிகை, மறுநாள் இதைப்பற்றி ஒரு வரிகூட வெளியிடவில்லை. நானும் எழுதிக் கொடுக்கவில்லை.

மறுமுறை சந்தித்தபோது இதை அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றே கேட்டார்: "கட்டியிருந்ததை எத்தனை பேர் பார்த்தார்கள்?"

"எல்லோரும்" என்றேன்.

புதிய பலகைகளை நான் எழுதிக் கொடுத்தேன். அவரோ பிற்பகல் தேநீர் வேளையில் தொழிலாளர்களோடு பலகைக் கட்டையில் அமர்ந்து, "இன்று எது உங்களைப் பயமுறுத்தியது?" என்று கேட்கத் தொடங்கினார். சொன்னவர் எவரையும் கடிவதில்லை என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட சட்டம். வாரங்கள் பல சென்றன. சிங்களத் தொழிலாளர் பேசினர், தமிழர் பேசவில்லை. காரணம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒருநாள் மாலை வேகமாக வீட்டுக்கு வந்தார். கிளிநொச்சிப் பையன் ஒருவன் அன்று தானாகவே அவரிடம் வந்து, ஆறாம் மாடியில் மின்தூக்கிக் குழிக்கு மேலே போட்ட பலகைக்கு ஆணி அடிக்கவில்லை என்று அரைகுறைச் சிங்களத்தில் சொன்னானாம். போய்ப் பார்த்தால் உண்மை. "சேர் என்று கூப்பிட்டுச் சொன்னான், மாத்தயா" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

கட்டடம் முடிந்து அவர் வேறு தளத்துக்குச் சென்றுவிட்டார். 1980இல் நான் எழுதத் தவறிய செய்தியை, மிகவும் பிந்தி, இங்கே எழுதிவைக்கிறேன்.