35 மார்க் ஃபெயில் இல்லை



நெஞ்சு வருத்தம் வந்து வாட்டில் இருந்துவிட்டு வந்தவரைச் சுகம் விசாரிக்கப் போனால் நாம் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்கிறோம்: "காக்கா, ஆடாம அசையாமப் படுங்க." அன்பில்தான் சொல்கிறோம். எங்கள் வாப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்துக் கூட்டி வந்தபோதும் வந்தவர்கள் அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். கிளினிக்கில் டொக்டர் சொன்னதோ, "கொஞ்சம் கொஞ்சமா நடக்க விடுங்க" என்று. வாப்பா ஊரைத்தான் நம்பினார். வாசல்வரை போகவும் பயம்.

பயத்துக்கு இன்னொரு காரணம் எக்கோ ரிப்போட். அதில் ஈ.எஃப் 35 என்று இருந்தது. "நூற்றுக்கு 35, ஃபெயில்தானே?" என்று கேட்டார். மாஸ்டர்மார் இருக்கிற வீட்டில் வேறு எப்படி யோசிப்பார்!

இது பரீட்சைப் புள்ளி இல்லை. இதயம் ஒரு தடவை சுருங்கும்போது, இடது அறையில் நிறைந்த இரத்தத்தில் எத்தனை வீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் ஈ.எஃப். நல்ல சுகதேகியின் இதயமே 55 முதல் 70 வரைதான் தள்ளும். 35 குறைவுதான், ஆனால் முடிந்த கதை இல்லை. அட்டாக்கில் செத்த தசை திரும்பி வராது. மரத்துப்போன தசை சில வாரங்களில் மருந்தோடு மீளலாம். அந்த இலக்கம் ஏறாவிட்டாலும் நடை வீண் போவதில்லை. பழகிய கால் தசைகள் வருகிற இரத்தத்திலிருந்து ஒட்சிசனை நன்றாக எடுத்துக்கொள்ளும். அதே இதயத்தை வைத்துக்கொண்டு மனிசன் கூடத் தூரம் போவான்.

படுக்க வைப்பது ஒரு காலத்தில் வைத்தியர்களே செய்தது. பல வாரங்கள் கட்டிலில்தான். 1952இல் பொஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னாட் லௌனும் அட்டாக் வந்தவர்களைக் கதிரையில் உட்கார வைத்த அனுபவத்தை வெளியிட்டார்கள். 1966இல் டலஸில் 20 வயதுடைய 5 சுகதேகிகளை மூன்று வாரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். 30 வருடம் கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களின் உடல் வலுவைக் குறைத்த அளவுக்கு 30 வருட வயது குறைக்கவில்லை என்று தெரிந்தது. இளந்தாரிகளுக்கே அப்படி.

வாப்பா வளவுக்குள் ஐந்து நிமிடத்தில் தொடங்கினார். நாளுக்கு இரண்டு தடவை. பிறகு பள்ளிவரை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், அதுதான் கணக்கு. சாப்பிட்ட கையோடு நடையில்லை, உச்சி வெயிலில் நடையில்லை. நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால், வழமைக்கு மாறாக மூச்சு வாங்கினால் நிற்க வேண்டும். நின்றும் குறையாவிட்டால் 1990க்கு அழைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் அளவு வேறு, டொக்டரைக் கேட்டே தொடங்குங்கள்.

குளிசையைப் பற்றி ஒன்று. "இப்ப சுகம்தானே" என்று ஸ்டென்ட் வைத்தவர் தானாக மருந்தை நிறுத்தினால் அதற்குள்ளேயே இரத்தம் கட்டலாம். நோன்புக்கு முன்னரும் கிளினிக்கில் கேட்டே நேரத்தை மாற்ற வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை நாம் வெட்கத்தால் மறுக்கக் கூடாது.

நடப்பதைவிடக் கஷ்டம் கலியாண வீடு. சஹனில் உட்கார்ந்த பிறகு, "ஒரு நாளைக்கு என்ன?" என்று இறைச்சியைத் தள்ளி வைப்பவர்கள் நாம்தான். சிகரெட்டை நீட்டுபவரும் பெரும்பாலும் கூட்டாளிதான். உப்பு நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்க வேண்டும். கருவாடும் ஊறுகாயும் மாசிச் சம்பலும் உள்ள பீங்கானில் அது எப்போதோ முடிந்துவிடும்.

ஆண்களுக்குப் பள்ளியும் கடற்கரையும் இருக்கின்றன. உம்மாமார் எங்கே நடப்பது? அவர்களுக்கும் பிரஷர், சீனி, நெஞ்சு வருத்தம் எல்லாம் வருகிறது. ரோட்டில் நடந்தால் நாலு பேர் கேட்பார்கள். பாடசாலை மைதானத்தில் அஸருக்குப் பிறகு பொடியன்மாரின் கிரிக்கட். வாரத்தில் மூன்று நாள், ஒரு மணித்தியாலம், பெண்களுக்கு விடலாமா என்று அடுத்த அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் கேட்க இருக்கிறோம். பெற்றோர் வந்து ஆதரவாக நாலு வார்த்தை பேசினால் போதும். பொடியன்மாருடன் நாங்களே கதைத்துக்கொள்கிறோம்.