பத்மினி ஏன் குதித்தது?

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஐடிலிங் தொல்லை புதிதல்ல. எஞ்சின் கத்துகிறதா, ஸ்க்ரூவைத் திருகு. அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் எங்கள் வீட்டு 1996 மாடல் பிரீமியர் பத்மினியில் அது ஒரு குடும்பப் பிரச்னையாகவே ஆகிவிட்டது!

வண்டி அப்பாவுடையது. ஞாயிறு காலை செம்பூரிலிருந்து மாட்டுங்கா கோவிலுக்கு இன்றும் அவர்தான் ஓட்டுவார். வயது 76. போன மாதம் சொசைட்டி வாசலில் கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குதி குதித்தது. நல்லவேளை, குறுக்கே குழந்தைகள் யாரும் இல்லை. "ஆக்சிலரேட்டர்ல கால் வைக்கவே இல்லடா" என்றார். போனில் அக்கா, "பேசாம சாவியை வாங்கி வச்சிடுடா" என்றாள். அதற்கப்புறம் அப்பா வண்டியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். அதுதான் எனக்கு உறுத்தியது.

2023 அக்டோபரில் பத்மினி டாக்ஸிகள் மும்பை ரோட்டை விட்டே போய்விட்டன. இந்த வண்டி தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. பார்த்த மெக்கானிக், ஐடில் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தியும் வேகம் குறையவில்லை, கார்புரேட்டரையே மாற்றுங்கள் என்றார்.

ஸ்க்ரூ தளர்ந்தும் வேகம் குறையவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஒன்று, பட்டர்ஃப்ளை வால்வு முழுக்க மூடவில்லை. அல்லது காற்று வேறு வழியாக உள்ளே போகிறது. வரிசையாகப் பார்த்தேன். எஞ்சின் சூடானபின் சோக் முழுக்கத் திரும்புகிறதா? திரும்பியது. ஆக்சிலரேட்டர் லிங்க்கைக் கழற்றினால் வேகம் இறங்குகிறதா? இல்லை. ரிட்டர்ன் ஸ்ப்ரிங்கும் சரி. அடுத்து, கார்புரேட்டர் மேனிஃபோல்டில் உட்காரும் இடத்தைச் சுற்றி, டிஸ்ட்ரிபியூட்டரில் படாமல், சோப்புத் தண்ணீர் அடித்தேன். (சிலர் பெட்ரோல் அடிப்பார்கள். தீப்பிடிக்கும், வேண்டவே வேண்டாம்.) ஒரு பக்கம் தண்ணீர் பட்டதும் சத்தம் சட்டென்று இறங்கி, மறுபடி ஏறியது. தண்ணீர் ஒரு நொடி அடைத்த ஓட்டை அங்கேதான் இருந்தது. அடியில் இருந்த பேக்கிங் காய்ந்து வெடித்திருந்தது.

புது பேக்கிங் போட்டு, இரண்டு பக்க நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினோம். ஒரு பக்கத்தை மட்டும் முறுக்கினால் அடித்தட்டு வளைந்து மறுபடி காற்று இழுக்கும். இப்போது ஸ்க்ரூ சொன்ன பேச்சைக் கேட்டது. மெக்கானிக் மீட்டர் வைத்து 800 சுற்றில் நிறுத்தினார்.

பேங்கில் கணக்கு இடித்தால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். டேலி ஆகிவிடும், தப்பு மட்டும் அங்கேயே இருக்கும். ஐடில் ஸ்க்ரூவும் அப்படித்தான். காரணத்தைக் கண்டுபிடித்தபின் கடைசியில் தொட வேண்டியது அது.

விஷயத்தைச் சொன்னதும் அப்பா, "பேக்கிங் எவ்வளவு ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். அக்காவுக்கு அவரே போன் போட்டார் :-)

உங்கள் வீட்டிலும் பெரியவர் ஓட்டும் வண்டி குதித்தால், முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள். காலைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.