ஓர் அங்குலம்

கேகாலை மாவட்டத்தின் தெரணியகலைப் பக்கத்து இறப்பர் தோட்டம் ஒன்றில் என் அக்காவின் குடும்பம் இருக்கிறது. அவர் மகன் பழைய கெப் வண்டி ஒன்றை ஓட்டிப் பிழைக்கிறான். மரக்கறி, உரமூடை, அவசரத்திற்கு நோயாளி என எல்லாம் அதில்தான் போகும். தோட்டப் பாதையை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பாதி கல், மீதி குழி. வண்டியின் அடிப்பாகம் கல்லில் அடிபடாதிருக்க, சென்ற ஆண்டு நான்கு பெரிய டயர்களை வாங்கிப் பூட்டினான்.

லயத்தின் கடைசிக் காம்பிராவை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. மச்சான் ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதியில் போட்டது. வண்டி அதற்குள் நுழையுமா என்பதை மருமகன் முன்கூட்டியே கணக்குப் பார்த்திருந்தான். முன்பிருந்தவை 245/70 அளவு, புதியவை 265/75, ரிம் இரண்டுக்கும் 16 அங்குலம். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது. கணக்கிட்டால் டயரின் விட்டம் ஏறத்தாழ 749 மில்லிமீற்றரிலிருந்து 804 ஆகிறது. கூடிய 55இல் பாதியே வண்டியை உயர்த்தும். மறு பாதி அச்சுக்கு மேலே நின்றுவிடும். ஆக, ஓர் அங்குலத்திற்குச் சற்று அதிகம். கொட்டகை விட்டத்திற்கும் வண்டிக் கூரைக்கும் இடையே இரண்டு அங்குலம் இருந்தது.

கணக்கில் பிழையில்லை. அளந்த வேளைதான் பிழை. அன்று வண்டியில் உரமூடைகள் இருந்தன. சுமையேறினால் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் அமிழும்; இறக்கினால் நிமிரும். மாலையில் சுமையோடு உள்ளே போன வண்டி, மூடைகளை இறக்கியதும் விட்டத்தில் முட்டி நின்றது. காலையில் வெளியே எடுக்க முடியவில்லை. லயத்து ஆட்கள் எட்டுப் பேர் பின்னால் ஏறி உட்கார, அந்தப் பாரத்தில் வண்டி பணிந்து வெளியே வந்தது. நான் அப்போது அங்கிருந்தேன். எல்லாரும் சிரித்தோம்.

"கொட்டகையை அரை அடி உயர்த்திவிட்டால் போயிற்றே" என்றேன்.

சிரிப்பு அடங்கிவிட்டது. "காணி நம்மளுதா மச்சான்? கல்லு ஒண்ணு வைக்கிறதுன்னாலும் தோட்டத்தில கேக்கணும். எழுதிக் குடுத்திருக்கு, பதில் இல்ல" என்றார் மச்சான்.

பிரேசிலிலிருந்து போன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றுகளாக 1876இல் இலங்கையின் ஹெனரத்கொடைக்கு வந்தன. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். உலகம் டயரில் ஓடத் தொடங்கியதும் சப்ரகமுவ மலைச்சரிவுகளில் இறப்பர் பரவியது. பால் வெட்ட நம்மவர் நின்றனர். மச்சான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடியற்காலையில் மரத்தைக் கீறிச் சிரட்டையில் பால் எடுத்தவர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் பிள்ளைகளை வளர்த்தவர்.

7 பேர்ச் காணியும் உறுதியும் தனிவீடும் என்ற பேச்சைப் பல ஆண்டுகளாகக் கேட்கிறோம். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். மலையகத் தமிழரின் 200 ஆண்டு நிறைவையும் 2023இல் நினைவுகூர்ந்தோம். கூட்டங்களில் செய்தியாளனாகக் குறிப்பெடுத்த எனக்கு, காணியுரிமை என்ற சொல்லின் அளவு அந்தக் கொட்டகை வாசலில்தான் புரிந்தது. தன் பணத்தில் போட்ட கூரையை ஓர் அங்குலம் உயர்த்த முடியாமை அது.

அடுத்த முறை போனபோது வண்டி உள்ளே நின்றது. தரையை நான்கு அங்குலம் தோண்டியிருந்தான் மருமகன். "மேல ஏத்தத்தானே மாமா கேக்கணும், கீழ தோண்ட யாரைக் கேக்கணும்?" என்றான்.

சப்ரகமுவ மழை தெரிந்ததுதானே. பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. வண்டியை உள்ளே விடுமுன் மச்சான் தம் பழைய பால் வாளியால் அதை இறைத்து ஊற்றுகிறார்.