தகடூர் வழக்கும் நாவலர் பாரதியாரும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் கற்றவர்க்குத் தமிழே சோறு போடும் என்ற நிலை இருக்கவில்லை. கல்விக்கூடங்களில் தமிழ் கற்பித்தவர் 'பண்டிதர்' எனப்பட்டார். ஆங்கிலம் கற்பித்தவர்க்குக் கிடைத்த ஊதியமும் மதிப்பும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே தமிழில் தோய்ந்த இளைஞர் பலர் பி.எல். என்னும் சட்டப் பட்டத்தைப் பெற்று நீதிமன்றம் ஏறினர், அல்லது ஏறுவதற்கான தகுதியையேனும் தேடிக்கொண்டனர். டி.கே. சிதம்பரநாத முதலியார், கா. சுப்பிரமணிய பிள்ளை, ச. வையாபுரிப்பிள்ளை, நாவலர் ச. சோமசுந்தர பாரதியார் ஆகியோர் அவ்வரிசையினர். வக்கீலின் கைரேகை மிக அழுத்தமாகப் பதிந்திருப்பது பாரதியாரின் எழுத்தில்தான்.

1879இல் எட்டயபுரத்தில் பிறந்து, மகாகவி சுப்பிரமணிய பாரதிக்கு இளமைத் தோழராக விளங்கிய அவர், சென்னையில் சட்டம் முடித்து 1905இல் தூத்துக்குடியில் தொழில் தொடங்கினார், வ.உ.சி.யின் நட்பும் சுதேசி இயக்கத்தின் தொடர்பும் அங்கே அமைந்தன. பின்னர் மதுரையிலும் வழக்காடிப் பசுமலையில் குடியமர்ந்தார். வருமானம் நிலைத்திருந்த அத்தொழிலை விட்டு, ஐம்பதைக் கடந்த வயதில், 1933இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைமையை ஏற்றார்.

அவருடைய ஆய்வுகளில் தருமபுரி வட்டாரத்தார்க்கு நெருக்கமானது 'சேரர் தாயமுறை'. தாயம் என்பது வாரிசுரிமை. சொத்தும் பட்டமும் மகனுக்குச் செல்லாமல் உடன்பிறந்தாளின் மகனுக்குச் செல்லும் வழக்கம் மருமக்கள்தாயம் எனப்படும். சேர அரசரைப் பாடும் பதிற்றுப்பத்தில், கிடைத்துள்ள ஒவ்வொரு பத்துக்கும் பின்னே அரசனின் பெற்றோர், வென்ற போர், புலவர் பெற்ற பரிசு முதலியவற்றைக் கூறும் பதிகம் உண்டு. அப்பதிகங்கள் தரும் உறவுச் செய்திகளை, பாகப்பிரிவினை வழக்கில் வம்சாவளிப் பட்டியலை ஆராயும் வக்கீலைப்போல ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, பண்டைச் சேரரிடத்தும் மருமக்கள்தாயமே நிலவியது என அவர் வாதிட்டார். அப்பட்டியலில் எட்டாம் பத்துக்குரியவன் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை, பாடியவர் அரிசில்கிழார். தகடூர் இன்றைய தருமபுரி, அன்று அதியமான் ஆண்ட நிலம். அதியமானை வென்றவன் யாருடைய மகன், யாருக்கு வாரிசு என்பதே இங்கு வழக்கு.

இவ்வழக்கில் மற்றொரு வக்கீலுக்கும் பங்குண்டு. தகடூர்ப் போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' என்னும் நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. எஞ்சிய பாடல்கள் பலவற்றைக் காத்துத் தந்தது 'புறத்திரட்டு' என்னும் தொகை நூல். அதைப் பதிப்பித்தவர், திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வழக்காடியபின் 1926இல் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரான வையாபுரிப்பிள்ளை. சான்றை எதிர்த்தரப்பின் கண்கொண்டும் பார்ப்பது அவர் இயல்பு. பாரதியாரோ ஒரு தரப்பை ஏற்றபின் அதற்காக முழுமூச்சாகப் பேசுவார். வக்கீல் தொழில் ஒருவரை நீதிபதியாக்கியது, மற்றவரை இறுதிவரை வக்கீலாகவே வைத்திருந்தது எனலாம். தாயமுறை பற்றிய முடிவை அறிஞர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதில் வியப்பில்லை.

எனினும் வாதாட ஆளில்லாத தரப்புக்காக எழுந்து நிற்பதில் ஒரு பெருமை உண்டு. 'தசரதன் குறையும் கைகேயி நிறையும்' என்னும் நூலில் அவர் எடுத்துக்கொண்ட கட்சிக்காரி, நூற்றாண்டுகளாக அனைவராலும் பழிக்கப்பட்ட கைகேயி. அவளை மணந்தபோதே அவள் வயிற்றுப் பிள்ளைக்கு அரசைத் தருவதாகத் தசரதன் வாக்களித்திருந்தான் என்று வால்மீகியில் இராமனே பரதனிடம் கூறுகிறான். இதை முன்கூட்டிய ஒப்பந்தமாகக் கொண்டால் குற்றக்கூண்டில் நிற்க வேண்டியவள் மனைவியல்லள், கணவனே. முடிவை ஏற்காதவரும் மூலத்தைப் புரட்டாமல் மறுமொழி சொல்ல இயலாது. மாணவர்க்கு இதைவிடச் சிறந்த பயிற்சி அரிது.

சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், அவர் பணியாற்றிய காலத்தில், இயற்பியல் படிக்கச் சேர்ந்திருந்த ஓர் இளைஞரின் பேச்சாற்றலைக் கண்டு, அவரைத் தமிழ் வகுப்புக்கு மாறச் செய்தார். அவரே பின்னாளில் பச்சையப்பன் கல்லூரியில் பல தலைமுறை மாணவரை உருவாக்கி, 'கம்பன் புதிய பார்வை' நூலுக்காக 1985இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அ.ச. ஞானசம்பந்தன். கைகேயிக்காக வாதிட்ட ஆசிரியரிடமிருந்து கம்பனையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட மாணவர் தோன்றியது பொருத்தமே.

பாரதியார் 1938இல் தமிழ்த்துறைத் தலைமையிலிருந்து விலகினார். இராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதற்கு எதிரான கிளர்ச்சியில் அவர் முன்னணியில் நின்ற காலம் அது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் சில இயல்களுக்கு அவர் எழுதிய புத்துரை, நச்சினார்க்கினியர் போன்ற பழைய உரையாசிரியரையும் குறுக்கு விசாரணை செய்தது. ஏறத்தாழ முப்பதாண்டு வழக்காடியவர் வகுப்பில் நின்றது ஐந்தே ஆண்டுகள். 1955இல் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது அந்த ஐந்தாண்டுக்குரிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமே.