எந்த மாயாவி?

1977இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்ததும் ஹட்டனில் வாப்பாவின் கடைக்கு முத்து காமிக்ஸும் வந்தது. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்து நானும் ஒரு தோட்டத்து நண்பனும் இரும்புக்கை மாயாவியை வாசிப்போம். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் தெரியும்.

எந்த மாயாவி அசல் என்பதில்தான் எங்களுக்குச் சண்டை. ஆரம்பத்தில் அவன் குற்றவாளி. பிறகு நிழற்படையின் உளவாளி. நான் நிழற்படைப் பக்கம்.

"அங்க சேந்ததும் தொரைக்குச் சலாம் போடுறான்டா" என்பான் நண்பன்.

ஒருநாள் சொன்னான்: "எங்க லயத்துக்கு வந்தா அவனால மறையவே முடியாது. கரண்ட் ஏது?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் மின்விளக்கு எரிந்தது.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1981இல் அவன் வீட்டுக் கதவையும் தட்டியது. மலையகம் 'ஒப்பாரிக் கோச்சி' என்றழைத்த ரயிலில் தலைமன்னாருக்குப் புறப்பட வேண்டும். முதல்நாள் கடைக்கு வந்து மாயாவியின் முதல் கதையைக் கேட்டான். "கடைச் சாமான், காசு தா" என்றேன். பேசாமல் போய்விட்டான்.

வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1962இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் கென் புல்மர் எழுத, ஹேசூஸ் பிளாஸ்கோ வரைந்து தொடங்கிய கதை அது. பின்னர் டாம் டல்லி எழுதினார். ஆக, மாயாவி கை மாறியவன்தான். இப்போது வாசித்தால் நண்பனின் பக்கமே நியாயமாகப் படுகிறது. ஆரம்ப மாயாவியிடம் இருந்த கோபம் நிழற்படைக்காரனிடம் இல்லை.

அந்தப் புத்தகத்தைக் கடையில் யாரும் வாங்கவுமில்லை.