கடைசி நாளும் கலங்கரை விளக்கமும்

சென்னை சென்றுவந்த கட்டுரை ஒன்றிரண்டு இல்லாமல் பள்ளி மலர் வெளிவருவதில்லை. வண்டலூர் உயிரியல் பூங்காவையும் வள்ளுவர் கோட்டத்தையும் கிண்டிப் பாம்புப் பண்ணையையும் தோழியர் பலர் முன்பே எழுதிவிட்டனர். ஆகவே எங்கள் முதல் மூன்று நாள் கதையை விட்டுவிட்டு நான்காம் நாளுக்கு வருகிறோம்.

அன்று சனிக்கிழமை. இரவு எழும்பூரில் திண்டுக்கல்லுக்கு ரயில் ஏறவேண்டும். கையில் இருந்ததோ ஒரே பகல். அதற்கு உரிமை கொண்டாடியோர் பலர். அம்மாவுக்குத் தியாகராய நகரில் சேலை எடுக்கவேண்டும். அப்பாவுக்கு அருங்காட்சியகம். அக்காள் தங்கையாகிய எங்கள் இருவருக்கும் கடல். அப்பத்தாவோ, "சாந்தோமுல தோமையார் கல்லறைக்கு முன்னால ஒரு செபம் சொல்லிட்டா எனக்குப் போதும்" என்றார்.

அப்பத்தாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவருக்கு வயது எழுபத்து நான்கு. கண் நீர் அழுத்த நோய். கண்ணுக்குள் ஊறும் நீர் சரிவர வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிறது. பெரும்பாலும் வலி தெரியாது. முதலில் ஓரப்பார்வை போகும். நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால் நோய் வந்ததே பலருக்குத் தெரிவதில்லை. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காக்கத்தான் சொட்டு மருந்து. பெற்றோருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகளும் நாற்பது வயதுக்குமேல் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஓராண்டு ஆகியிருந்தது. அப்பாவுக்கு வயது நாற்பத்தெட்டு. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே தள்ளிவந்தார். அம்மாவுக்கு இதில் பெருத்த மனத்தாங்கல்.

காலைத் திருப்பலிக்குச் சாந்தோம் சென்றோம். போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய கோவிலை எடுத்துவிட்டு, அதே இடத்தில் எழுப்பிய இன்றைய கோவிலை 1896இல் அர்ச்சித்தனர். கோபுரத்தின் உயரம் 155 அடி. 1956இல் இது பசிலிக்கா ஆயிற்று. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இங்கு வந்து செபித்தார். கல்லறைச் சிற்றாலயம் தரைக்குக் கீழே உள்ளது. படி இறங்குவதுதான் அப்பத்தாவுக்குச் சிரமம். எதிரே இருப்பவர் முகம் தெரியும். காலடியில் இருக்கும் படி தெரியாது. ஆளுக்கொரு கை பிடித்து, "படி, அப்பத்தா... இன்னொரு படி" என்று சொல்லிக்கொண்டே இறக்கினோம். செபம் முடிய அரை மணி நேரம் ஆயிற்று. யாருக்காக இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, "எல்லாத்துக்கும்தான்" என்று முடித்துக்கொண்டார்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கலங்கரை விளக்கம். சிவப்பும் வெள்ளையும் பூசிய இந்த முக்கோண வடிவக் கோபுரம் 1977 முதல் ஒளி வீசி வருகிறது. பாதுகாப்புக் கருதிப் பல ஆண்டுகள் மூடியிருந்து, 2013 நவம்பரில் மக்களுக்கு மீண்டும் திறந்தனர். ஒன்பதாம் மாடிக்கு மின்தூக்கி உண்டு. அப்பத்தாவைக் கீழேயே உட்கார வைத்துவிடலாம் என்பது அப்பாவின் எண்ணம். "மேல போய் அம்மாவுக்கு என்ன தெரியப்போகுது?" என்றார். "தெரியாட்டியும் காத்தாவது படட்டும்" என்று அம்மா அழைத்துச் சென்றார்.

மேலே நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்ற அப்பத்தா, "அந்தா, நாம பூசை கண்ட கோவிலு" என்று தெற்கே கை நீட்டினார். ஆம், வெண்ணிறக் கோபுரம் அங்கே நின்றது! பிறகு மயிலைக் கோபுரத்தைக் காட்டினார். கடலில் நின்ற கப்பலைக்கூட எங்களுக்கு முன்னே கண்டுவிட்டார். வீட்டில் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்ச் செம்பைத் துழாவுபவர் இவர்தானா என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகுதான் விளங்கிற்று. அவருக்கு மிஞ்சியிருப்பது ஒரு குழாய் வழியே பார்ப்பது போன்ற பார்வை. அருகில் உள்ள பொருள் அந்தச் சிறு வட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. தொலைவில் உள்ளதோ ஊரோடு கடலோடு அதற்குள் அடங்கிவிடுகிறது. "இம்புட்டையும் ஒண்ணாப் பாத்து ரெண்டு வருசமாச்சு ஆத்தா" என்றார். அதைக் கேட்ட அப்பா கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். வெகு நேரம் துடைத்தார்.

இறங்கியதும் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே சென்றோம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்துவைக்க 1842இல் கட்டிய வீடு அது. 1897இல் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார். பனிக்கட்டி கடல் தாண்டி வந்ததை அப்பத்தா கடைசிவரை நம்பவில்லை. அதற்கு எதிரே, மணலில் நடக்க இயலாதோருக்கும் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் என்று கடல்வரை மரப்பாதை போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பரில் திறந்த இப்பாதையின் நீளம் 263 மீட்டர். இரண்டு வாரத்திற்குள் மாண்டஸ் புயல் அதன் முனையைப் பெயர்த்துவிட்டது. சீர்செய்து மீண்டும் திறந்தனர். அரசாங்கம் செலவழிக்கும் பணத்தில் இதுபோல் கண்ணெதிரே பயன் தெரிவது சிலவே என்பது எங்கள் கருத்து. முதல் நாள் மாலை வேறோர் இடத்தில் இறங்கியபோது மணலில் கால் புதைந்து, அப்பத்தா பாதி வழியில் திரும்பிவிட்டார். இன்றோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னே நடந்தார். "வேளாங்கண்ணியில பாத்த அதே கடல்தானே" என்று சொல்லிக்கொண்டே போனவர், பாதை முடிந்த இடத்தில் அலை காலில் பட்டதும், "இயேசுவே, என்னா குளிர்ச்சி!" என்று சிறு பிள்ளைபோல் சிரித்தார்.

அருங்காட்சியகம் 1851இல் தோன்றியது. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் கண்கொள்ளாக் காட்சி. ஒரு வாரம் பார்க்கவேண்டியதை ஒரு மணி நேரத்தில் ஓட்டமாகப் பார்த்தோம். தியாகராய நகருக்கு நேரமே இல்லை. சேலைக்கென்று வைத்திருந்த பணம் அம்மாவின் கைப்பையிலேயே திரும்பியது. ரயிலடிக்குப் போகும் வழியில், 1819இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனையை ஆட்டோக்காரர் காட்டினார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்பாதான், "ஊருக்குப் போனதும் திங்கட்கிழமை போறேன்" என்றார்.

சொன்னபடியே போனார். அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தது. நரம்புக்கு இன்னும் பழுதில்லை என்றார் டாக்டர். சேலைப் பணம் சோதனைக்கும் மருந்துக்கும் சரியாயிற்று. இப்போது இரவு ஒன்பது மணி ஆனால் அப்பத்தாவும் அப்பாவும் திண்ணையில் அருகருகே அண்ணாந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்பத்தாவுக்கு அக்காளும் அப்பாவுக்குத் தங்கையுமாக நாங்கள் சொட்டு மருந்து விடுகிறோம். மருந்து விழுமுன்பே கண்ணை மூடிக்கொள்வது அப்பாதான்.