மாமாவின் வரப்பு

புரோத்ராபூரில் என் தாய்மாமா வீடு. போர்ட் பிளேருக்குப் பக்கம்தான் (2024-இல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், மாமாவுக்கு இன்னும் வாயில் வரவில்லை!). நிலம் மட்டும் சிப்பிகாட்டில். 2003 டிசம்பரில் லீவில் போனபோது, கதிர் முற்றி நின்ற வயலை அகலமாய் ஒரே படமாக எடுக்கவேண்டும் என்று ஆசை வந்தது.

கையில் நிக்கான் எஃப்எம்2, 50 எம்எம் லென்ஸ், ஒரே ஒரு ரோல் ஃபியூஜி வெல்வியா. ஸ்லைடு ஃபிலிம் ஈவு இரக்கம் இல்லாதது. நெகட்டிவ் மாதிரி தப்பைப் பொறுத்துக்கொள்ளாது; அரை ஸ்டாப் கூடினாலே மேகம் வெளுத்துவிடும். நடுவயலைப் பார்த்து ஒருமுறை மீட்டர் எடுத்தேன், பிறகு அந்த வளையங்களைத் தொடவே இல்லை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனித்தனியாக மீட்டர் பார்த்தால் ஒட்டும்போது வானம் கோடு கோடாய் வரும். போலரைசரையும் கழற்றிவிட்டேன், அது வானத்தில் ஒரு பக்கத்தை மட்டும் இருட்டாக்கும். கேமராவை நெட்டுக்குத்தாய் நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஐந்து படம். மொத்தம் கிட்டத்தட்ட 100 டிகிரி.

மெல்போர்ன் வந்து கழுவக் கொடுத்தபோது, மவுண்ட் போடாமல் கீற்றாகவே வாங்கிக்கொண்டேன். அட்டை ஓரத்தைத் தின்றுவிடும், ஒட்டுவதற்கு அந்த ஓரம்தானே முக்கியம். அப்புறம் வேலை, வீடு, குழந்தை... கீற்று அலமாரிக்குள் போய்விட்டது.

2004 டிசம்பர் 26. தெற்கு அந்தமானில் அலை வந்ததோடு நிற்கவில்லை, தரையே சுமார் ஒரு மீட்டர் அமிழ்ந்தது. சிப்பிகாட்டு வயல்களில் புகுந்த கடல்நீர் வடியவே இல்லை. மாமா வயலும் போயிற்று. வீட்டில் எல்லோரும் பிழைத்தார்கள், அதுவரைக்கும் புண்ணியம். ஒரு மாதம் கழித்து ஃபோனில் மாமா கேட்டது ஒன்றுதான்: "மாப்ள, அன்னைக்கு வயல் படம் எடுத்தியே, இருக்கா?"

அன்று இரவே ஸ்கேனரில் உட்கார்ந்தேன். முதல் தப்பு, ஆட்டோ எக்ஸ்போஷரை அணைக்க மறந்தேன். ஐந்து படம், ஐந்து பச்சை. மறுபடி ஸ்கேன். ஒட்டுவதற்கு ஹெல்முட் டெர்ஷ் என்ற ஜெர்மன் பேராசிரியர் எழுதிய பனோரமா டூல்ஸ். பக்கத்தில் இருந்த வேலிக்கம்பு இரண்டாகத் தெரிந்தது. கேமராவை லென்ஸின் நடுவை அச்சாக வைத்துத் திருப்பாமல், என் இடுப்பை அச்சாக வைத்துத் திருப்பிய வினை. தூரத்து மலைக்கு அது தெரியாது, கிட்டத்தில் இருப்பது காட்டிக்கொடுத்துவிடும். மூன்று ராத்திரி உட்கார்ந்து இணைப்புக் கோட்டை வேலியைச் சுற்றி வளைத்து வெட்டினேன்.

பிரிண்ட் போட்டு அனுப்பினேன். மாமா ஃபோன் செய்தார்.

"நல்லாருக்கு மாப்ள. ஆனா என் வரப்பு ஏன் தூளி மாதிரி தொங்குது?"

"அது உருளை முறையில விரிச்சது மாமா, குறுக்குக் கோடு வளையத்தான் செய்யும்..."

"நான் கயிறு புடிச்சு வெட்டுன வரப்புடா. நேராத்தான் இருந்துச்சு."

பதில் சொல்ல முடியவில்லை. அடிவானம் நேராய் இருக்கிறதா என்று மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். அதற்குக் கீழே உள்ள குறுக்குக் கோடெல்லாம் அந்த முறையில் நடுவில் தொங்கும். கயிறு கட்டி வெட்டியவர் கண்ணுக்கு அது தப்பவில்லை.

தட்டை முறைக்கு மாற்றினேன். அதில் நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும், பதிலுக்கு ஓரங்கள் இழுபடும். 100 டிகிரிக்கு ஓரத்தில் இருப்பது இரண்டு மடங்குக்கு மேல் அகலமாகிவிடும். இழுத்த இடத்தில் படம் மொரமொரவென்று ஆனது, வெல்வியாவின் நிழல்கள் கறுப்பாய் அடைத்துக்கொண்டன. படமாகப் பார்த்தால் முதலாவதுதான் அழகு. இருந்தாலும் இரண்டாவதைத்தான் பெரிதாகப் போட்டு அனுப்பினேன்.

இப்போது அந்த வயல் இருந்த இடத்தில் தண்ணீர், நாணல், பறவைகள். கேமராவோடு வந்து பறவை எடுக்கிறவர்கள் உண்டு. மாமா வீட்டுக் கூடத்தில் என் படம் தொங்குகிறது. வருகிறவர்களுக்கு விரலால் வரப்பை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை காட்டுவார். போன வருஷம் என் மகளுக்கும் காட்டினார். அவள் ஓரத்தில் இருந்த மரத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இந்தத் தென்னை ஏன் இவ்வளவு குண்டு?" என்றாள்.

"அதை உங்கப்பன்கிட்ட கேளு" என்றார் மாமா.